ஓவன் இல்லாமல் மாம்பழ அடுக்கு இனிப்பு: முழுமையான வழிகாட்டி

அடியில் வெண்ணெயில் பிசறிய பிஸ்கட் தூள், நடுவில் நீர் வடித்த தயிரும் கிரீமும் கலந்த வெள்ளை அடுக்கு, அதன்மேல் சைனா கிராஸ் எனப்படும் கடற்பாசியால் உறையவைத்த மாம்பழக் கூழ், பரிமாறும் நேரத்தில் மேலே வைக்கும் பழத்துண்டுகள் என்று அமையும் இந்த இனிப்புக்கு ஓவன் தேவையில்லை. முந்தைய நாள் தயிருக்குப் பால் காய்ச்சுவதைத் தவிர, அடுப்பை இரண்டு முறை மட்டும் பற்றவைத்தால் போதும்: வெண்ணெயை உருக்க ஒரு முறை, கடற்பாசியைக் கரைக்க ஒரு முறை. மற்ற வேலையையெல்லாம் ஃப்ரிட்ஜும் காலமும் பார்த்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் சமையலறையில் நீண்ட நேரம் நிற்க யாருக்கும் மனம் வராது என்பதால், மாம்பழம் மலிந்து கிடக்கும் அந்த மாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து இனிப்பு எனக்குத் தெரியவில்லை.

செய்வதற்கு எளிது என்றாலும், இந்த இனிப்பு நன்றாக அமைவதும் கெடுவதும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அது நீர். தயிரில் நீர் இருக்கிறது, பழத்தில் இருக்கிறது, கிரீமிலும் இருக்கிறது. பிஸ்கட்டோ கிடைத்த நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளக் காத்திருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள நீரை வடித்தோ, கட்டியோ, தடுத்தோ வைத்த பிறகு அடுக்கினால் கோடு கிழித்தாற்போல் அடுக்குகள் தெளிவாக நிற்கும். அதைச் செய்யாமல் அவசரப்பட்டால், சுவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுநாள் கிண்ணத்தில் கிடைப்பது கலங்கிய கூழாகத்தான் இருக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோட்டத்துடன் படித்தால், எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்பது தானாகப் புரியும்.

தேவையானவை

20 சென்டிமீட்டர் நீள அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சதுரக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு, அதாவது எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடும் அளவுக்கு, இந்தக் கணக்கு பொருந்தும். அடி அடுக்குக்கு மேரி பிஸ்கட் 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், வறுத்துப் பொடித்த முந்திரி இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. நடு அடுக்குக்கு ஒரு லிட்டர் நிறை கொழுப்புப் பாலில் உறையூற்றிய தயிர், கண்டென்ஸ்டு மில்க் 150 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லிலிட்டர், கால் தேக்கரண்டி ஏலக்காய்த் தூள். மேல் அடுக்குக்கு மாம்பழக் கூழ் 500 கிராம், கடற்பாசித் தூள் 3 கிராம், தண்ணீர் 150 மில்லிலிட்டர், சர்க்கரை இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி. பரிமாறும்போது மேலே வைக்க மாம்பழத் துண்டுகள் ஏறத்தாழ 250 கிராம்.

தோலும் கொட்டையும் போக ஒரு கிலோ பங்கனப்பள்ளியில் அறுநூறு, அறுநூற்றைம்பது கிராம் சதை தேறும். ஆகவே மொத்தம் ஒன்றேகால் கிலோ பழம் வாங்கினால் கூழுக்கும் துண்டுகளுக்கும் போதுமானதாக இருக்கும். சிறிய பழங்களில் கொட்டையின் பங்கு கூடுவதால், அவற்றை வாங்குபவர்கள் கால் கிலோ கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது.

எந்த மாம்பழம்?

இந்த இனிப்புக்கு நான் முதலிடம் கொடுப்பது பங்கனப்பள்ளிக்கு. நார் இல்லை, சதை இறுக்கமாக இருக்கும், வெட்டினால் துண்டுகள் முனை மழுங்காமல் நிற்கும், அரைத்தால் வழவழப்பான கூழாகும். ஒரே வகைப் பழத்தை இரண்டு பக்குவத்தில் பயன்படுத்த முடிவது இதன் பெரிய வசதி: நன்றாகக் கனிந்தவற்றைக் கூழுக்கும், இன்னும் ஒரு நாள் போனால் முழுப் பழமாகிவிடும் என்ற நிலையில் இருப்பவற்றைத் துண்டுகளுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இமாம்பசந்தின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அதன் சதை மிக மென்மையானது, சாறும் அதிகம். துண்டுகளாக வெட்டினால் சற்று நேரத்தில் தன் சாற்றிலேயே மிதக்கத் தொடங்கிவிடும். அதைக் கூழுக்கு மட்டும் பயன்படுத்துவதே முறை. சேலத்து மல்கோவா சுவையில் கனமானது. கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், விலைதான் யோசிக்கவைக்கும். செந்தூரம் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், விலையும் குறைவு. நார் இருப்பதால் அரைத்த பிறகு சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். கிளிமூக்கு எனப்படும் பெங்களூரா வகையைக் கிருஷ்ணகிரிப் பகுதியின் கூழ்த் தொழிற்சாலைகள் பெருமளவில் பயன்படுத்துகின்றன. வீட்டில் பயன்படுத்தினால் இனிப்பும் மணமும் குறைவாக இருப்பதால் சர்க்கரையைக் கூட்ட வேண்டியிருக்கும். பருவத்தின் கடைசியில் வரும் நீலம் சுவையானதுதான், ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்கும் வாய்ப்பு அதில் அதிகம் என்பதால் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக வெட்டிப் பார்த்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

பழம் வாங்கும்போது நிறத்தை நம்பாமல் காம்புப் பகுதியை முகர்ந்து பார்க்க வேண்டும். மணம் அங்கேதான் முதலில் தெரியும். மேல்தோல் முழுவதும் ஒரே சீரான மஞ்சளாக இருந்தும் மணமே இல்லாத பழம் கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு கொண்டு பழங்களைப் பழுக்கவைப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அளவோடு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் முற்றிய காயாக வாங்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்கவிடலாம். எப்படி வாங்கினாலும், காம்பில் வடியும் பால் போகும்படி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகே தோல் சீவ வேண்டும்.

முந்தைய நாள்: தயிரை வடித்தல்

இனிப்பின் வேலை உண்மையில் முந்தைய நாளே தொடங்குகிறது. நிறை கொழுப்புப் பால் என்று விற்கப்படும், ஆறு சதவீதக் கொழுப்புள்ள பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் உறையூற்ற வேண்டும். கொழுப்பு குறைந்த பாலின் தயிரை வடித்தால் கிடைப்பது மணல்மணலாக இருக்கும். இந்த அடுக்குக்கு வேண்டிய வெண்ணெய் போன்ற வழவழப்பு அதில் வராது. கோடையில் நான்கைந்து மணி நேரத்திலேயே தயிர் உறைந்துவிடும். உறைந்த உடனே, புளிப்பு ஏறுவதற்குள், ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மணி நேரம் குளிரவிட வேண்டும். குளிர்ந்த தயிர் கட்டியாக இருப்பதால் துணியின் வழியே தயிர் போகாமல் நீர் மட்டும் பிரியும்.

பழைய வேட்டித் துணி இதற்கு மிக ஏற்றது. சோப்பு வாசனை இல்லாமல் அலசிப் பிழிந்த துணியை இரண்டாக மடித்து, ஒரு சல்லடையின் மேல் விரித்து, சல்லடையை ஆழமான பாத்திரத்தின் மேல் வைத்து, தயிரை அதில் சரித்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். தயிர் மூட்டையைக் குழாயில் அல்லது ஆணியில் தொங்கவிடும் பழக்கம் குளிர்காலத்துக்குச் சரியாக இருக்கலாம்; மே மாத வெப்பத்தில் அப்படித் தொங்கும் தயிர் காலைக்குள் புளித்துவிடும், எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் அந்தப் புளிப்பு மறையாது. இரண்டு மணி நேரம் கழித்துத் துணியின் முனைகளைச் சேர்த்து முறுக்கி, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய சிறிய பாத்திரத்தைப் பாரமாக வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடலாம்.

காலையில் நானூறு முதல் நானூற்றைம்பது கிராம் வரை கெட்டித் தயிர் கிடைக்கும். ஒரு கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழாமல் ஒட்டியிருக்க வேண்டும். விழுந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் வடியட்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எந்தப் படியும் நீர்த்த தயிரைச் சரிசெய்யாது. பாத்திரத்தில் சேர்ந்த தெளிந்த நீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தினால் சப்பாத்தி மென்மையாக இருக்கும்.

அடி அடுக்கு

பிஸ்கட்டைச் சுத்தமான துணிப்பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி நொறுக்கலாம். மிக்ஸியில் போடுவதானால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்றுகள் போதும். முழுவதும் மாவாகிவிட்டால் அடி கல்லைப் போல் இறுகிவிடும். ரவையும் அதைவிடச் சற்றுப் பெரிய நொய்யும் கலந்ததுபோல் இருப்பதே பக்குவம். உருக்கி வெதுவெதுப்பாக ஆறவைத்த வெண்ணெயையும், முந்திரித் தூளையும், உப்பையும் சேர்த்து விரல்களால் பிசற வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும்.

மேரி பிஸ்கட்டில் கொழுப்பு குறைவு என்பதால் வெண்ணெயின் அளவைக் குறைக்கக் கூடாது. வெண்ணெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது ஒவ்வொரு தூளையும் மெழுகிவிட்டு, மேலே உள்ள அடுக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. பாத்திரத்தில் தூளைப் பரப்பி, அடி தட்டையான டம்ளரால் மூலைகள் உட்பட எல்லா இடத்தையும் ஒரே அழுத்தத்தில் அமுக்கி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். நம் ஊர்க் கோடை வெப்பத்தில் வெண்ணெய் வெளியே இறுகாது. இந்த அரை மணி நேரத்தைக் குறைத்தால் தூள் மேலெழும்பி வெள்ளை அடுக்கோடு கலந்துவிடும்.

நடு அடுக்கு

வடித்த தயிரை முதலில் தனியாக மத்தாலோ முள்கரண்டியாலோ கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, பிறகு கண்டென்ஸ்டு மில்க்கை மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பு படும்போது கண்டென்ஸ்டு மில்க் சற்றே இறுகும் தன்மை உடையதால் கலவை நீர்க்காமல் தடிமனாகும். கிரீமைக் கடைசியில் சேர்த்து மெதுவாகக் கலந்தால் போதும். கடைகளில் சிறிய அட்டைப்பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பொதுவாக 25 சதவீதக் கொழுப்புதான் உண்டு; அதை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது, அதற்கு முப்பது சதவீதத்துக்கு மேல் கொழுப்பு வேண்டும். ஆகவே நுரைக்கவைக்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. பெட்டியைக் குலுக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, மேலே திரண்டிருக்கும் கெட்டியான பகுதியை மட்டும் கரண்டியால் எடுத்து, அடியில் தங்கும் நீரை விட்டுவிட வேண்டும்.

ஏலக்காய்த் தூளைச் சேர்த்து, கலவையைக் குளிர்ந்த அடியின் மேல் கரண்டி கரண்டியாக இட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சமன்செய்து, குறைந்தது இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த அடுக்கு கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் மென்மையில் இருக்கும். கத்தியால் சதுரமாக வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுக வேண்டும் என்று விரும்புபவர்கள், ஒன்றரை கிராம் கடற்பாசித் தூளை 75 மில்லிலிட்டர் பாலில் கொதிக்கவைத்துக் கரைத்து, சூட்டோடு கலவையில் அடித்துக்கொண்டே ஊற்றலாம். அதற்குத் தயிர்க் கலவை குளிர்ந்ததாக இல்லாமல் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். எனக்கு அள்ளிச் சாப்பிடும் மென்மையே பிடிக்கும்.

மேல் அடுக்கு: கடற்பாசியும் மாம்பழமும்

சைனா கிராஸ் என்ற பெயரில் நாம் வாங்கும் பொருள் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் மாவட்டக் கரையோரக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இதற்கான மூலப்பொருள்கள். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டினைப் போலன்றி இது முழுச் சைவம் என்பதோடு, நம் தட்பவெப்பத்துக்கும் மிகப் பொருத்தமானது. ஜெலட்டினால் உறைந்த இனிப்பு கோடைப் பகலில் மேசையில் வைத்த சிறிது நேரத்திலேயே இளகத் தொடங்கும். கடற்பாசியால் உறைந்தது ஏறத்தாழ 85 டிகிரி வெப்பத்தை எட்டும்வரை உருகாது.

பழத்தை மிக்ஸியில் தண்ணீரோ பனிக்கட்டியோ சேர்க்காமல் அரைத்து, நார் இருந்தால் சல்லடையில் தேய்த்து, 500 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிக நேரம் ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து மேற்பரப்பு நுரையாகும்; மேலே திரளும் நுரையை வழித்து எடுத்துவிட்டால் அடுக்கு கண்ணாடிபோல் பளபளப்பாக அமையும். இமாம்பசந்து போன்ற நீர்த்த கூழானால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் எட்டு, பத்து நிமிடம் கிளறிச் சுண்டவைத்து, ஆறியதும் பச்சைக் கூழுடன் சேர்க்கலாம். முழுவதையும் காய்ச்சினால் மணம் போய் ஜாமின் சுவை வந்துவிடும்.

இங்கே வெப்பநிலைதான் முக்கியம். கடற்பாசி கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாகக் கரையும். ஆறும்போது 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். தூளை 150 மில்லிலிட்டர் குளிர்ந்த தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து, கொதி வந்த பின்பும் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு துகள்கூட இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். இழைகளாகக் கிடைக்கும் கடற்பாசியானால் 5 கிராம் எடுத்து, சிறிதாக வெட்டி, அரை மணி நேரம் ஊறவைத்து, அதிக நேரம் கொதிக்கவிட்டு, கடைசியில் வடிகட்டிக்கொள்ளலாம். முழுமையாகக் கரைந்த பின்புதான் சர்க்கரையைச் சேர்க்க வேண்டும்.

அறை வெப்பத்தில் இருக்கும் கூழில் இந்தச் சூடான கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே வேகமாகக் கலக்கினால், கலவையின் வெப்பம் 45 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும்: கடற்பாசி உறைவதற்குச் சற்று மேலே, தயிர் அடுக்கைக் குலைக்கும் சூட்டுக்கு மிகக் கீழே. ஃப்ரிட்ஜிலிருந்து நேரே எடுத்த கூழில் ஊற்றினால் கலவை முப்பது டிகிரிக்கும் கீழே போய், கலக்கும்போதே கட்டிகட்டியாக உறைந்துவிடும். அப்படி ஆகிவிட்டாலும் வீணாகாது. சிறு தீயில் கட்டிகள் கரையும்வரை மீண்டும் சூடாக்கலாம், மாம்பழத்தின் பச்சை மணம் ஓரளவு குறையும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாற்றை எல்லாம் கலந்த பிறகே விட வேண்டும், ஏனெனில் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடற்பாசியின் உறையும் வலு குறையும்.

கலந்த உடனே, ஒரு கரண்டியைக் கவிழ்த்துத் தயிர் அடுக்குக்கு மிக அருகில் பிடித்து, அதன் முதுகின்மேல் ஊற்றி வழியவிட வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் வெள்ளை அடுக்கில் குழி விழும். முதலில் மெல்லிய படலமாக எங்கும் பரப்பி, அது பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுவது இன்னும் பாதுகாப்பானது. அந்த இடைவெளி நீண்டால் கிண்ணத்தில் இருக்கும் கலவை உறையத் தொடங்கிவிடும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடம் வெளியே அசையாமல் வைத்து, பிறகு மூடி, மூன்று மணி நேரம் குளிரவிட வேண்டும்.

பரிமாறுதல்

பழத்துண்டுகளை முன்கூட்டியே வெட்டலாம், ஆனால் அவற்றில் சர்க்கரை தூவக் கூடாது. சர்க்கரை பட்டதும் பழம் சாறு விடத் தொடங்கிவிடும். வெட்டிய துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு மேலே வைத்தால் போதும். வீட்டில் விருந்தினர் அதிகமாக வரும் நாளில், ஒரே பாத்திரத்துக்குப் பதிலாக 200 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள கண்ணாடி டம்ளர்களில் அடுக்கிவிடலாம். அளவில் மாற்றம் வேண்டாம், எட்டு அல்லது ஒன்பது டம்ளர்கள் நிறையும். வெட்டும் வேலையும் இல்லை, அடுக்குகளின் நிறமும் பக்கவாட்டில் அழகாகத் தெரியும்.

மற்ற பருவங்களில்

மாம்பழம் முடிந்த பிறகும் இதே முறை பயன்படும், ஆனால் எல்லாப் பழமும் ஒன்றல்ல. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அவை தயிரையும் கிரீமையும் தொட்டுக்கொண்டு சில மணி நேரம் இருந்தால் கசப்பு உண்டாகும். அன்னாசியைச் சர்க்கரையுடன் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பப்பாளியை நான் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. சீத்தாப்பழத்துக்கு நேர்மாறான விதி: சூடுபடுத்தினால் அது கசக்கும். ஆகையால் அதன் சதையைக் கொட்டை நீக்கி, சூடு படாமல் தயிர் அடுக்கிலேயே கலந்துவிட்டு, மேல் அடுக்கை விட்டுவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்த சாறு கடற்பாசியோடு அருமையாக உறையும். அது கூழைப்போல் தடிப்பாக இல்லாததால் கடற்பாசித் தூளை 4 கிராமாகக் கூட்ட வேண்டும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

ஃப்ரிட்ஜில் மூடிவைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். இரண்டாம் நாளில் மேல் அடுக்கின் ஓரத்தில் சிறிது நீர் கசிந்திருந்தால் அது கெட்டதற்கான அறிகுறி அல்ல. கடற்பாசி நாளடைவில் நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றும் இயல்புடையது, துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். மின்தடை நீண்டு தயிர் புளித்திருந்தால் மட்டும் யோசிக்காமல் விட்டுவிட வேண்டும். ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்கக் கூடாது. உறைந்து இளகும்போது கடற்பாசி தன் நீரை விட்டுவிட்டு, பஞ்சுபோன்ற சக்கையாகிவிடும். கடற்பாசி இழைகளைத் தயாரிப்பவர்கள் அதன் நீரைப் பிரிப்பதற்கென்றே பயன்படுத்தும் பழைய முறையும் அதுதான்.